மூச்சும் முழக்கமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு உங்களுள் சிலர் வியப்படையலாம். சிலர் நகைக்கவும் கூடும். ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய சைலன்சரைத் தேர்ந்தெடுப்பது எப்படி, அதைப் பூட்டுவது எப்படி என்பதே அப்பொருள். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற கிழவனுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பில் இரைச்சல் எழுந்தபோதெல்லாம் மேசையைத் தட்டி, "அமைதி, அமைதி" என்று குரல் கொடுத்தே என் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்தது. இரைச்சலை அடக்கும் கருவியைப் பற்றி அத்தகைய ஒருவன் பேசுவது ஒரு வகையில் பொருத்தமே அன்றோ?

சென்ற ஆண்டு, அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்துச் சான் ஓசே நகரில் வாழும் என் மகன் வீட்டில் ஆறு திங்கள் தங்கியிருந்தேன். அவனுடைய மகன், அதாவது என் பேரன், கல்லூரியில் பயில்கிறான், இருபது வயது. மாலை வேளைகளில் ஒரு கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தான். அது 1994-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்.எக்ஸ்.5. ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்து மாஸ்டா நிறுவனம் 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாக வெளியிட்ட கார் வகை அது. அமெரிக்கர்கள் அதை மியாட்டா என்று அழைக்கிறார்கள். இரண்டே இருக்கைகள், மடக்கி வைக்கும் துணிக் கூரை, முன்னே எஞ்சின், பின்சக்கரங்களுக்கு விசை. பேரனுடைய காரில் இருந்த எஞ்சின் 1.8 லிட்டர், 128 குதிரைத் திறன். இன்றைய கணக்கில் அது பெரிய திறனன்று. ஆயினும் இவ்வகைக் கார் 2016-ஆம் ஆண்டில் பத்து லட்சத்தைத் தொட்டது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களுள் உலகில் மிகுதியாக விற்றது இதுவே.

அந்தக் காரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மாற்றியே ஆக வேண்டும். பழையதைப் போன்ற ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டால் செய்தி முடிந்தது. ஆனால் பேரனின் உள்ளத்தில் வேறோர் ஆசை இருந்தது. "தாத்தா, என் நண்பனிடமும் இதே கார் இருக்கிறது. அவன் சைலன்சரையே எடுத்துவிட்டு, நேர்க்குழாய் போட்டிருக்கிறான். சிங்கம் கர்ஜிப்பது போல இருக்கும்; வேகமும் கூடும்" என்றான். என் மகனோ, "இந்தப் பழைய இரும்புக்கு நான் ஒரு காசும் தரமாட்டேன், கையும் வைக்கமாட்டேன்" என்று கூறிவிட்டான். அப்பனும் பிள்ளையும் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

"சரி, தம்பி. வாங்குவதற்கு முன் அது என்ன வேலை செய்கிறது என்று இருவரும் தெரிந்துகொள்வோம்" என்றேன். ஆசிரியப் பழக்கம் எளிதில் விடுவதில்லை. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்துப் படம் வரைந்தோம். அந்தப் படத்தை உங்களுக்குச் சொற்களால் வரைந்து காட்டுகிறேன்.

பெட்ரோல் எஞ்சின் நான்கு வீச்சுகளில் இயங்குகிறது. உறிஞ்சு வீச்சில் காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் வருகின்றன. அமுக்கு வீச்சில் அவை நெருக்கப்படுகின்றன. அடுத்த வீச்சில் பொறி பட்டு எரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றன. நான்காம் வீச்சில் எரிந்த வாயு வெளியேற்றப்படுகிறது. வெளிவால்வு திறக்கும் கணத்தில் உள்ளே இன்னும் உயர்ந்த அழுத்தம் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் சோடாப் புட்டி வெடிப்பதுபோல் அவ்வாயு வெளியே பாய்கிறது. அந்த வெடிப்புகளின் தொடரே எஞ்சினின் ஓசை.

இங்கே ஒரு சிறு கணக்கு. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வாயுவை வெளியேற்றுகிறது. சிலிண்டர்கள் நான்கு, ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்புகள். நிமிடத்திற்கு 6,000; நொடிக்கு 100. எனவே அக்குழாயிலிருந்து எழும் முதன்மை ஓசையின் அதிர்வெண் 100. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இவ்வாயு எஞ்சினிலிருந்து காரின் வால்வரை ஒரு நீண்ட பாதையில் செல்கிறது. முதலில் நான்கு சிலிண்டர்களின் குழாய்களும் ஒன்றாகக் கூடும் பகுதி. அடுத்தது வினையூக்கி மாற்றி. பின் நடுக்குழாய், இறுதியில் சைலன்சர். வினையூக்கி மாற்றி என்பது தேன்கூடு போன்ற நுண்துளைகளையுடைய ஒரு பெட்டி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் அதன் உட்புறத்தில் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். நச்சாகிய கார்பன் மோனாக்சைடையும், எரியாமல் எஞ்சிய பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அது பெருமளவு தீங்கற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு முதல் இத்தகைய மாற்றிகள் புதிய கார்களில் பரவலாயின. நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டில் நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. "வேகம் வேண்டும் என்று இதைக் கழற்றி எறிவோரும் உண்டாமே?" என்று பேரனைக் கேட்டேன். "உண்டு தாத்தா, ஆனால் இங்கே இரண்டாண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனை இருக்கிறது. அது இல்லாவிட்டால் கார் தேறாது" என்றான். "சோதனை இல்லாவிட்டால் கழற்றுவாயோ?" என்றேன். அவன் சிரித்தான், நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மாற்றிக்குப் பின்னால் இருக்கும் நடுக்குழாயும் சைலன்சருமே எங்கள் வேலை என்று முடிவாயிற்று.

சைலன்சர் புதிய கருவியன்று. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-ஆம் ஆண்டிலேயே எஞ்சின் ஓசையை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். மோட்டார் வண்டி தெருவுக்கு வந்த காலத்திலேயே, அதன் ஓசை தெருவுக்குப் பொருந்தாது என்பதையும் மனிதன் உணர்ந்துவிட்டான் என்பது இதிலிருந்து புலனாகும்.

சைலன்சர் ஒலியை எவ்வாறு அடக்குகிறது? வாயிலை மூடி அடக்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வாயிலை மூடினால் வாயு வெளியேற வழியின்றி எஞ்சினே திணறும். உண்மையில் சைலன்சர்கள் இரு வகை. ஒன்றில் பெட்டிக்குள் அறைகள் அமைந்திருக்கும். ஒலியலைகள் அவ்வறைகளின் சுவர்களில் மோதித் திரும்பி, வருகின்ற அலைகளோடு எதிர்ப்பட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மற்றொன்றில் துளைகள் இட்ட நேர்க்குழாய் ஒன்று பெட்டியின் நடுவே செல்லும். அதைச் சுற்றிக் கண்ணாடி இழையோ எஃகு இழையோ திணிக்கப்பட்டிருக்கும். வாயு நேராகச் சென்றுவிடும். ஒலி மட்டும் துளைகளின் வழியே புகுந்து இழைகளில் சிக்கி வெப்பமாக மாறிவிடும். மூச்சைத் தடுக்காமல் முழக்கத்தை மட்டும் குறைப்பதே நல்ல சைலன்சரின் இலக்கணம். இதைச் சொன்னபோது பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஓசை அடங்கினால் திறனும் அடங்கும் என்று அவன் நம்பியிருந்தான்; அந்த நம்பிக்கை அங்கே சற்று அசைந்தது.

அடுத்துக் குழாயின் அளவு. "அகலமான குழாய் போட்டால் வாயு தாராளமாகப் போகும்" என்பது ஒரு சாரார் கொள்கை. "எஞ்சினுக்குப் பின்னழுத்தம் சிறிது வேண்டும், அகலம் கூடாது" என்பது இன்னொரு சாரார் கொள்கை. இரண்டிலும் பாதி உண்மையே உண்டு. பின்னழுத்தத்தால் எஞ்சினுக்கு நன்மை ஏதும் இல்லை. ஆனால் குழாய் அளவுக்கு மீறி அகன்றால் வாயுவின் வேகம் குறையும். வேகமாக ஓடும் வாயு தனக்குப் பின்னால் வருவதையும் ஈர்த்துச் செல்லும் இயல்புடையது; வேகம் தளர்ந்தால் அந்த ஈர்ப்பும் தளரும். வாய்க்காலின் அகலம் நீரின் அளவுக்கு ஏற்ப இருத்தல் வேண்டும் என்பது நம் உழவர்கள் அறிந்ததே. பழைய குழாய் ஏறத்தாழ இரண்டு அங்குலம். புதியது அதைவிடக் கால் அங்குலம் மட்டும் கூடுதலாக இருக்கட்டும் என்று தீர்மானித்தோம்.

பிறகு உலோகம். சாதாரண எஃகு மலிவு; விரைவில் துருப்பிடிக்கும். அலுமினியம் பூசிய எஃகு சில ஆண்டு தாங்கும். துருப்பிடிக்காத எஃகில் 409 என்ற வகையில் ஏறத்தாழ 11 விழுக்காடு குரோமியம் உண்டு. மேற்பரப்பில் செம்மை படரும், ஆனால் எளிதில் அரிக்காது. 304 என்ற வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. அதுவே நீடித்து உழைப்பது. ஒரு காந்தத்தை எடுத்துச் சென்றால் கடையிலேயே வேறுபாட்டை அறியலாம். 409 காந்தத்தில் ஒட்டும். 304 பெரும்பாலும் ஒட்டாது. டைட்டானியக் குழாயும் கிடைக்கிறது. எடையில் எஃகினும் மிகக் குறைவு. விலையோ மாணவன் பைக்கு எட்டாதது. குழாய் வளையும் இடங்களையும் தடவிப் பார்க்க வேண்டும். மட்டமான குழாய் வளைவில் நசுங்கிச் சுருங்கியிருக்கும். நல்ல குழாய் உள்ளே அச்சு வைத்து வளைக்கப்பட்டதாதலால் வளைவிலும் அதன் வட்டம் குறையாது.

இவ்வளவும் பேசிய பின்னும் பேரனுக்கு நேர்க்குழாயின் மீதிருந்த மோகம் முற்றிலும் தீரவில்லை. நானும் தடுக்கவில்லை. "உன் நண்பனை வரச் சொல், காதால் கேட்டுப் பார்த்து முடிவு செய்வோம்" என்றேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த நண்பன் தன் காரோடு வந்தான். வீட்டு வாயிலில் நிறுத்தி எஞ்சினை இரண்டு மூன்று முறை முடுக்கிக் காட்டினான். சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பேரன் முகம் மலர்ந்தது. இருவரும் காரில் ஏறி நெடுஞ்சாலையை நோக்கிச் சென்றார்கள்.

அவர்கள் போன சற்று நேரத்தில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அங்கே குடியிருந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு செவிலியர். இரவெல்லாம் மருத்துவமனையில் பணி செய்துவிட்டுக் காலை எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார். அவர் என்னிடம் சினந்து பேசவில்லை. "ஐயா, கார் வேலை எப்போது முடியும்? தெரிந்தால் அதற்கேற்ப உறங்கிக்கொள்வேன்" என்று மட்டும் கேட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன. எனக்கு விடை சொல்ல நா எழவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துப் பேரன் திரும்பினான். போனபோது இருந்த மலர்ச்சி இல்லை. "தாத்தா, புறப்படும்போது நன்றாகத்தான் இருந்தது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனபோது தலைக்குள் ரீங்காரம் தாங்க முடியவில்லை. இப்போதும் காதுக்குள் வண்டு பாடுவது போல இருக்கிறது" என்றான்.

நான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன எண் இங்கே பயன்படுகிறது. அந்தக் கார் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாம் கியரில் செல்கையில் எஞ்சின் 3,000 சுற்றை ஒட்டிச் சுழலும். ஓசையின் அதிர்வெண் 100. பள்ளி ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையைக் குழாயின் வாயருகே பிடித்து, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி, குழாய் முழங்கும் நீளத்தைக் கண்டிருப்பீர்கள். அதே ஒத்ததிர்வுதான் அந்தக் காரிலும் நிகழ்கிறது. குழாயும் காரின் உள்ளிடமும் எந்த அதிர்வெண்ணுக்கு இசைகின்றனவோ அந்த ஓசை மட்டும் பெருகி ரீங்காரமாகிறது.

இதற்கு மாற்றும் அதே பௌதிகத்தில் உண்டு. ஒலி சாதாரணக் காற்றில் நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது. குழாயில் உள்ள வாயுவின் வெப்பம் 400 டிகிரி என்று கொண்டால் அங்கே ஒலியின் வேகம் ஏறத்தாழ 520 மீட்டர். அதிர்வெண் 100 ஆனால் அலைநீளம் 5.2 மீட்டர், அதில் கால் பங்கு 1.3 மீட்டர். முனை மூடிய 1.3 மீட்டர்க் கிளைக்குழாய் ஒன்றை நடுக்குழாயில் இணைத்தால், அதற்குள் சென்று திரும்பும் அலை அரை அலைநீளம் பிந்தி வந்து மூல அலையை அழித்துவிடும். சில குழாய்களில் கிளைக்குழாய் இருக்கும். சிலவற்றில் அதற்குப் பதிலாக நடுவே ஒரு சிறு ஒலியடக்குப் பெட்டி இருக்கும். எங்கள் காருக்குப் பெட்டி வைத்த குழாயே பொருந்தும் என்று பேரன் தானே கூறினான்.

அன்று மாலை அவனிடம் ஒரு செய்தி சொன்னேன். அதை அவன் தந்தையிடம்கூட நான் விரிவாகச் சொன்னதில்லை. என் தந்தையார் கோயம்புத்தூரில் ஓர் ஆலையின் தறிப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணி செய்தவர். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரையின் கீழ் இடைவிடாது அடிக்கும் இடம் அது. நாற்பத்தைந்து வயதிலேயே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. நான் ஆசிரியப் பயிற்சியில் தேறிய செய்தியை ஓடி வந்து சொன்னேன். அவர் என் உதடுகளைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். என் தாயார் சிலேட்டில் எழுதிக் காட்டிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அவர் காதை இழந்தது எங்களுக்குச் சோறு போடுவதற்காக. "உன் காதை நீ எதற்காகக் கொடுக்கப் போகிறாய்?" என்று பேரனைக் கேட்டேன். அவன் நெடுநேரம் பேசவில்லை.

மாணவர்களே, ஒலியின் அளவை டெசிபெல் என்ற அலகால் குறிக்கிறோம். அது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. மூன்று டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்காகும். பத்துக் கூடினால் பத்து மடங்காகும். 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருத்தலாகாது என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதன்படி 94 டெசிபெலுக்கு ஒரு மணி நேரமே. காதின் உட்பகுதியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. அவை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை.

கலிஃபோர்னியாவில் இத்தகைய கார்களின் புகைக்குழாய் ஓசை 95 டெசிபெலுக்கு மேற்படலாகாது என்பது சட்டம். சைலன்சரே இல்லாமல் ஓட்டுவதும் குற்றம். "பந்தயக் களத்திலாவது முழங்கலாமே" என்று பேரன் கேட்டான். அதற்கும் அவனே விடை கண்டுபிடித்தான். சான் ஓசேக்குத் தெற்கே, மான்டரே நகரின் அருகில், 1957-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லகூனா சேக்கா என்னும் புகழ்பெற்ற பந்தயக் களம் உள்ளது. அங்கும் பெரும்பாலான நாட்களில் 90 டெசிபெலை ஒட்டியே வரம்பு வைத்திருக்கிறார்கள். மீறினால் காரை வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுவிடாதீர்கள். முன்னது குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தொலைவில், நின்ற காரில் அளப்பது. பின்னது ஓடும் காரைப் பாதையோரத்திலிருந்து ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவில் அளப்பது. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஆறு டெசிபெல் குறையும். ஆகவே அளந்த தொலைவைக் கூறாமல் டெசிபெலை மட்டும் கூறுபவன் விளம்பரம் செய்கிறான்; அளவு சொல்லவில்லை.

முடிவில் 304 எஃகுக் குழாயும், நடுவே ஒரு சிறு பெட்டியும், இறுதியில் இழை திணித்த சைலன்சரும் கொண்ட ஒரு தொகுதியை வாங்கினோம். பூட்டும் நாள் ஒரு சனிக்கிழமை. எதிர் வீட்டுச் செவிலியருக்கு எந்நாள் விடுமுறை என்று பேரன் தானே சென்று கேட்டு வந்து குறித்த நாள் அது.

பூட்டும் முறையை வரிசையாகச் சொல்லுகிறேன். கார் நன்கு ஆறியிருக்க வேண்டும். ஓடிய காரின் குழாய் கையைப் பொசுக்கிவிடும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, காரை ஜாக்கியால் தூக்கினோம். அதன் பிறகு உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பவன் தன் உயிரை ஒரு ரப்பர் வளையத்திடம் ஒப்படைக்கிறான். இதை ஒருபோதும் மறவாதீர்கள். கண்ணில் துரு விழாதிருக்கக் கண்ணாடி அணிந்தோம். வினையூக்கி மாற்றியின் பின்புற போல்ட்டுகளுக்கு முதல் நாளிரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தோம்.

அவ்விடத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன். ஒரு போல்ட் அசையவில்லை. பேரன், "இன்னும் ஒரு மணி நேரம் எண்ணெய் ஊறட்டும், தாத்தா" என்றான். எனக்குப் பொறுமை இல்லை. ஒரு நீண்ட குழாயை ஸ்பானரின் பிடியில் செருகி, "நெம்புகோல் தத்துவத்தைப் பார்" என்று பெருமையோடு நெம்பினேன். படீரென்று போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்துவிட்டது. நெம்புகோல் தத்துவம் சரிதான். துருப்பிடித்த இரும்பின் வலிமையைத்தான் நான் கணக்கில் கொள்ளவில்லை. எஞ்சிய தண்டு உள்ளே சிக்கிக்கொண்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அமர்ந்திருந்தோம்.

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. என் மகன் கையில் துளையிடும் கருவியோடு வந்து நின்றான். சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான் போலும். ஒன்றும் பேசாமல் காருக்கு அடியில் படுத்தான். தண்டின் மையத்தில் உளி வைத்துக் குறியிட்டு, சிறு துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, அரைமணியில் அதை வெளியே எடுத்துவிட்டான். "அப்பா, நீங்கள் விளக்கைப் பிடியுங்கள், அது போதும்" என்று என்னிடம் சொன்னான். பிறகு மகனைப் பார்த்து, "புது கேஸ்கட் வாங்கி வைத்திருக்கிறாயா?" என்று கேட்டான். பல வாரங்களுக்குப் பிறகு அந்தக் காரைப் பற்றி அவர்கள் பேசிய முதற் பேச்சு அதுவே. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மற்றவை எளிதாக நடந்தன. குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்களுக்குச் சோப்பு நீர் தடவினால் வழுக்கி வெளியே வரும். புதிய குழாயை முன்னிருந்து பின்னாகத் தொங்கவிட்டு, எல்லா நட்டுகளையும் முதலில் தளர்வாகவே பூட்ட வேண்டும். குழாய் காரின் உடலில் எங்கும் படாமல் ஏறத்தாழ அரை அங்குலம் விலகியிருக்கிறதா என்று பார்த்து நேர்செய்ய வேண்டும். சூடேறினால் உலோகம் நீளும் அன்றோ? பிறகே முன்னிருந்து ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். முதலிலேயே ஒன்றை இறுக்கிவிட்டால் மற்றவை கோணிக்கொள்ளும்.

கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாமல் காரை வெளியே தள்ளிக் கொண்டுவந்த பிறகே முடுக்கினோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை; குருதியின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் பற்றுடையது; மூடிய இடத்தில் அது ஆளைக் கொன்றுவிடும். இணைப்புகளில் வாயுக் கசிவு உண்டா என்று ஓசையாலும் புகைக்கறையாலும் கண்டறியலாம். புதுக் குழாயில் ஒட்டிய எண்ணெய் எரிந்து முதலில் சிறிது புகை வரும், அஞ்ச வேண்டியதில்லை. நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடிய பின், குழாய் ஆறியதும், நட்டுகளை மீண்டும் ஒரு முறை இறுக்கினோம்.

ஓசை எப்படி இருந்தது? தாழ்ந்த குரலில் சுருதி சேர்ந்தது போல் இருந்தது. அரை மீட்டர் தொலைவில் அளந்தபோது 90 டெசிபெலுக்குச் சற்று மேல் காட்டியது. எங்கள் கருவி துல்லியமானதன்று. ஆயினும் வரம்புக்குள் இருந்தது. நெடுஞ்சாலையில் முன்னே அமர்ந்து சென்ற நான் பேரனோடு குரல் உயர்த்தாமல் பேசினேன். "வேகம் கூடியிருக்கிறதா, தாத்தா?" என்று கேட்டான். "உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியவில்லை" என்றேன். "எனக்கும் தெரியவில்லை" என்று அவன் சிரித்தான். இத்தகைய சிறு எஞ்சினில் பின்குழாயை மாற்றுவதால் கூடும் திறன் மிகச் சிறிதே. திரும்பி வந்தபோது எதிர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. அதுவே எங்கள் தேர்ச்சிச் சான்றிதழ்.

நம் ஊர் இளைஞர்களுக்கு ஒரு சொல். உங்களுள் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் மிகச் சிலரே இருப்பீர்கள்; ஆனால் மோட்டார் சைக்கிளின் சைலன்சரை மாற்றி முழங்கவிடுவோர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒலி வரம்பை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் சட்டத்திற்கு அஞ்சி மட்டும் நீங்கள் அடங்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. உங்கள் தெருவிலும் இரவெல்லாம் உழைத்துவிட்டுப் பகலில் கண்ணயர்வோர் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் கதவைத் திறந்து வந்து கேட்கமாட்டார்கள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் மேசையைத் தட்டி வகுப்பை அமைதிப்படுத்தினேன். அது வாயை மூடி அடக்கும் முறை. பிள்ளைகளின் உள்ளத்தில் எழும் கேள்விக்கு வழி விட்டு, கூச்சலை மட்டும் தணிக்கும் முறை ஒன்று இருந்திருக்கிறது. அதை ஒரு கார்க் கொட்டகையில், அறுபத்தேழாம் வயதில், விளக்கைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். நீங்கள் என்னைவிட முன்னதாகவே கற்றுக்கொள்ளுங்கள்.